இஸ்ரேல் – பாலஸ்தீன மோதல்: பொறுப்பு யாருடையது என்பதை எப்படி ஆராய்வது?

இஸ்ரேலியர்களுக்கும் பாலஸ்தீனர்களுக்கும் இடையிலான மோதலைப் பற்றிப் புதிதாகப் படிக்கத் தொடங்கும் எவரும் முதலில் கேட்பது "இதை யார் ஆரம்பித்து வைத்தார்கள்?" என்றுதான். இதற்கு விடை சொல்பவர் தம்மை அறியாமலேயே ஒரு தேதியைத் தேர்ந்தெடுத்துவிடுகிறார். 2023 அக்டோபர் 7-இலிருந்து தொடங்கினால் குற்றவாளி, அன்று இஸ்ரேலைத் தாக்கிய பாலஸ்தீன ஆயுத இயக்கமான ஹமாஸ். 1967-இலிருந்து தொடங்கினால் ஆக்கிரமித்த இஸ்ரேல். 1917-இலிருந்து தொடங்கினால் பிரிட்டன். 1948-இலிருந்து தொடங்குபவர்களோ, படையெடுத்து வந்த அரபு நாடுகள் என்றும் மக்களை ஊர்களிலிருந்து துரத்திய இஸ்ரேல் என்றும் இரண்டாகப் பிரிந்து நிற்பார்கள். எனவே ஆரம்பித்தவர் யார் என்பதோடு நின்றுவிடாமல், ஒவ்வொரு கட்டத்திலும் எந்த முடிவை யார் எடுத்தார்கள், வேறு முடிவெடுக்கும் வாய்ப்பு அவர்களுக்கு இருந்ததா, அந்த முடிவின் விலையை யார் கொடுத்தார்கள் என்று பார்ப்பதே பயன் தரும். அப்படிப் பார்க்கும்போது, மொத்தப் பொறுப்பையும் ஒரே தலையில் ஏற்றுவதும் தவறு, "இரண்டு பக்கமும் தப்பு" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு ஒதுங்குவதும் தவறு என்பது விளங்கும்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தைக் களைந்துவிட வேண்டும். இது ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக யூதர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் இடையே நடந்துவரும் மதச் சண்டை என்று பலரும் நம்புகிறார்கள். 1517 முதல் 1917 வரை இந்த நிலம் உதுமானியப் பேரரசின் கீழ் இருந்தது. ஜெருசலேம், ஹெப்ரான், சஃபேத், திபேரியாஸ் ஆகிய ஊர்களில் யூதர்களும் முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் பக்கம் பக்கமாக வாழ்ந்தார்கள். எல்லோருக்கும் சம உரிமை இருந்தது என்று சொல்ல முடியாது. ஆயினும் இன்று நாம் காணும் போர் அப்போது இல்லை. ஜோர்டான் நதிக்கும் மத்தியதரைக் கடலுக்கும் இடைப்பட்ட சிறிய நிலத்தை எந்த மக்கள் ஆள்வது என்பதே மோதலின் கரு. அது உருவாகி ஏறத்தாழ நூற்று முப்பது ஆண்டுகள்தான் ஆகின்றன. இன்று அந்த நிலத்தில் சுமார் 70 லட்சம் யூதர்களும் அதே அளவு பாலஸ்தீனர்களும் வாழ்கிறார்கள். இரு மக்களில் எவருக்கும் போவதற்கு வேறு நாடு கிடையாது.

மோதலின் வேர் ஐரோப்பாவில் இருக்கிறது. 1881-க்குப் பின் ரஷ்யப் பேரரசில் யூதர்களைக் குறிவைத்து அடுத்தடுத்துக் கலவரங்கள் நடந்தன. படித்த, நாகரிகமான நாடு என்று கருதப்பட்ட பிரான்சிலும் யூத வெறுப்பு வெளிப்படையாகவே தலைதூக்கியது. எந்த நாட்டில் எவ்வளவு ஒன்றிக் கலந்தாலும் யூதர்களுக்குப் பாதுகாப்பு இல்லை, ஆகவே சொந்த நாடு வேண்டும் என்ற சியோனிய இயக்கம் இந்தச் சூழலில் பிறந்தது. தியோடர் ஹெர்சல் 1897-இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் அதன் முதல் மாநாட்டைக் கூட்டினார். யூதர்களின் வழிபாட்டிலும் நினைவிலும் ஜெருசலேம் இரண்டாயிரம் ஆண்டுகளாக இடைவிடாமல் இருந்துவந்தது; அந்தப் பிணைப்பு நேற்று முளைத்ததென்று ஒதுக்குபவர்கள் வரலாற்றைப் படிக்கவில்லை.

ஆனால் அந்த நிலத்தில் ஏற்கெனவே ஒரு மக்கள் வாழ்ந்துகொண்டிருந்தார்கள். 1922-இல் பிரிட்டன் எடுத்த கணக்கெடுப்பின்படி பாலஸ்தீனத்தின் மக்கள்தொகை சுமார் ஏழரை லட்சம். அதில் யூதர்கள் நூற்றுக்குப் பதினொரு பேர். குடியேற வந்த யூதர்கள் பெரும்பாலும் நிலத்தைப் பணம் கொடுத்தே வாங்கினார்கள். ஆனால் யெஸ்ரயேல் பள்ளத்தாக்கில் நடந்ததைப் போல, விற்றவர் பெய்ரூட்டில் வசித்த செல்வக் குடும்பத்தினராகவும், தலைமுறை தலைமுறையாக அங்கே ஏர் பிடித்தவர் பத்திரத்தில் பெயரில்லாத குத்தகை விவசாயியாகவும் இருந்தார்கள். சட்டப்படி விற்பனை செல்லும். ஆனாலும் விவசாயி ஒரு நாள் காலையில் நிலமற்றவராகிவிட்டார். இரு தரப்பும் தம்மை நியாயவான்களாகக் கருத முடிந்ததற்குக் காரணம் இப்படிப்பட்ட நிகழ்வுகளில்தான் இருக்கிறது.

பிரிட்டனின் பங்கைப் பற்றி எனக்குத் தயக்கமே இல்லை. முதல் உலகப் போரில் உதுமானியரை வீழ்த்த அரபு ஆதரவு தேவைப்பட்டபோது, 1915–16-இல் எகிப்திலிருந்த பிரிட்டிஷ் உயர் ஆணையர் மெக்மகோன், மெக்காவின் ஷெரீஃப் ஹுசைனுக்கு அரபு விடுதலையை உறுதியளித்துக் கடிதங்கள் எழுதினார். அதே காலத்தில் பிரான்சுடன் அந்தப் பகுதியைப் பங்கு போட்டுக்கொள்ளும் ரகசிய உடன்படிக்கையும் தயாரானது. 1917 நவம்பர் 2-ஆம் தேதி வெளியுறவு அமைச்சர் பால்ஃபர், பாலஸ்தீனத்தில் யூதர்களுக்கு ஒரு தேசியத் தாயகம் அமைவதைப் பிரிட்டன் ஆதரிக்கும் என்று அறிவித்தார். நிலத்தின் மக்களில் பத்தில் ஒன்பது பேரை அந்த அறிவிப்பு 'யூதரல்லாத சமூகங்கள்' என்றுதான் குறிப்பிட்டது. அவர்களுடைய சிவில் உரிமைகளுக்கும் மத உரிமைகளுக்கும் பங்கம் வராது என்று சொன்னதே தவிர, அரசியல் உரிமையைப் பற்றி மூச்சு விடவில்லை. தனக்குச் சொந்தமில்லாத நிலத்தை, அங்கே வாழ்பவர்களைக் கேட்காமல், ஒன்றுக்கொன்று பொருந்தாத வாக்குறுதிகளாக ஒரு பேரரசு பகிர்ந்தளித்தது. அந்தப் பேரரசுக்காக 1918 செப்டம்பரில் ஹைஃபா நகரைக் கைப்பற்றியவர்கள் ஜோத்பூர், மைசூர் சமஸ்தானங்களின் குதிரைப்படை வீரர்கள் என்பதையும், தம் நாட்டிலேயே உரிமையில்லாத அவர்கள் இன்னொரு நாட்டின் தலைவிதியை மாற்றப் பயன்பட்டார்கள் என்பதையும் நாம் நினைவில் கொள்ள வேண்டும்.

அடுத்த முப்பது ஆண்டுகளில் பிரிட்டன் ஒருமுறை இந்தப் பக்கமும் மறுமுறை அந்தப் பக்கமும் சாய்ந்தது. 1936 முதல் 1939 வரை நடந்த அரபுக் கிளர்ச்சியை இரக்கமின்றி ஒடுக்கியது. பிறகு 1939-இல், ஹிட்லரிடமிருந்து தப்ப யூதர்களுக்கு ஓர் அடைக்கலம் மிகவும் தேவைப்பட்ட நேரத்தில், ஐந்தாண்டுகளில் 75,000 பேர்தான் வரலாம் என்று வாசலை ஒருக்களித்துச் சாத்தியது. பிரிட்டன் மட்டுமல்ல, 1938-இல் பிரான்சின் எவியான் நகரில் அகதிகளைப் பற்றிப் பேசக் கூடிய 32 நாடுகளில் டொமினிக்கன் குடியரசைத் தவிர ஏறக்குறைய எவருமே கதவைத் திறக்க முன்வரவில்லை. அதன் பின் நாஜி ஜெர்மனி 60 லட்சம் யூதர்களைக் கொன்றது. தப்பிப் பிழைத்தவர்களில் பலருக்குப் பாலஸ்தீனம் ஒன்றே போக்கிடமாகத் தோன்றியது. ஐரோப்பா செய்த குற்றத்துக்கான ஈட்டை, அந்தக் குற்றத்தில் பங்கில்லாத ஒரு மக்களின் நிலத்திலிருந்து எடுத்துக் கொடுத்தார்கள் என்ற பாலஸ்தீனர்களின் மனக்குறைக்கு இன்றுவரை எவரும் சரியான பதில் சொல்லவில்லை. அதே சமயம், பாலஸ்தீன அரபுகளின் அன்றைய முதன்மைத் தலைவரான முஃப்தி அமீன் அல் ஹுசைனி 1941-இல் பெர்லின் சென்று ஹிட்லரைச் சந்தித்ததும், போர் முடியும்வரை நாஜிகளுக்காகப் பிரசாரம் செய்ததும் மறைக்கக் கூடாத உண்மைகள்.

1947 நவம்பர் 29-ஆம் தேதி ஐநா பொதுச்சபை, 33 நாடுகள் ஆதரவாகவும் 13 நாடுகள் எதிராகவும் வாக்களிக்க, நிலத்தை இரண்டு நாடுகளாகப் பிரிக்கும் தீர்மானத்தை நிறைவேற்றியது. எதிர்த்து வாக்களித்த நாடுகளில் இந்தியாவும் ஒன்று. பிரிவினையின் ரத்தத்தை அப்போதுதான் கண்டிருந்த இந்தியா, இரு மக்களும் ஒரே கூட்டாட்சியில் இருக்கும் மாற்றுத் திட்டத்தை ஈரான், யூகோஸ்லாவியாவுடன் சேர்ந்து முன்வைத்திருந்தது. மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்காக இருந்த யூதர்களுக்கு நிலத்தில் பாதிக்கும் சற்று மேல் ஒதுக்கப்பட்டது. அதில் பெரும்பகுதி நெகேவ் பாலைவனம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். யூதத் தலைமை ஏற்றுக்கொண்டது. அரபுத் தலைமை மறுத்தது. மறுத்தது அநியாயமல்ல, தம் நாட்டில் பாதியை இழக்க எந்த மக்களும் மகிழ்ந்து ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஆனால் மறுப்புக்குப் பின் போரைத் தேர்ந்தெடுத்தது ஒரு முடிவு, அதன் பொறுப்பு அந்தத் தலைமையையும் 1948 மே 15-ஆம் தேதி படையெடுத்த எகிப்து, ஜோர்டான், சிரியா, ஈராக், லெபனான் அரசுகளையும் சேரும்.

அந்தப் போரின்போது சுமார் ஏழு லட்சம் பாலஸ்தீனர்கள் தம் ஊர்களை இழந்தார்கள். நானூறுக்கும் மேற்பட்ட கிராமங்கள் ஆளற்றுப் போயின. பாலஸ்தீனர்கள் அதை நக்பா, அதாவது பேரழிவு என்கிறார்கள். அரபுத் தலைவர்கள் சொன்னதால் அவர்கள் தாமாகவே வெளியேறினார்கள் என்று பல ஆண்டுகள் இஸ்ரேலியப் பாடப்புத்தகங்கள் கூறிவந்தன. 1980-களில் இஸ்ரேலின் ஆவணக் காப்பகங்கள் திறக்கப்பட்ட பின், பென்னி மாரிஸ் முதலிய இஸ்ரேலிய வரலாற்றாசிரியர்களே அந்தக் கதையை உடைத்தார்கள். சில இடங்களில் தாக்குதலுக்கு அஞ்சி ஓடினார்கள்; சில இடங்களில், ஏப்ரல் 9-ஆம் தேதி தெய்ர் யாசீன் கிராமத்தில் நூறுக்கும் மேற்பட்டோர் யூதத் தீவிரவாதக் குழுக்களால் கொல்லப்பட்ட செய்தி கேட்டு ஓடினார்கள்; சில இடங்களில் நேரடியாக வெளியேற்றப்பட்டார்கள். ஜூலை மாதம் லித்தா, ரம்லா ஆகிய இரு நகரங்களிலிருந்தும் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் கோடை வெயிலில் கால்நடையாகத் துரத்தப்பட்டார்கள், வழியில் குழந்தைகளும் முதியவர்களும் தாகத்தால் இறந்தார்கள். அந்த உத்தரவில் கையெழுத்திட்டவர் யிட்சாக் ராபின் என்ற இளம் ராணுவ அதிகாரி. நாற்பத்தைந்து ஆண்டுகள் கழித்து பாலஸ்தீனத் தலைவர் யாசர் அராஃபத்துடன் கைகுலுக்கிய பிரதமரும் அவர்தான். தெய்ர் யாசீனுக்கு நான்கு நாள் கழித்து, ஜெருசலேமில் ஹதாசா மருத்துவமனைக்குச் சென்ற வாகன வரிசையை அரபுப் படையினர் தாக்கி, மருத்துவர்கள், செவிலியர்கள் உள்ளிட்ட எழுபதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றார்கள் என்பதும் இதே வரலாற்றின் பக்கம்தான்.

போரை யார் தொடங்கினார்கள் என்பது பற்றி நாள் முழுவதும் வாதாடலாம். ஆனால் துப்பாக்கிச் சத்தம் ஓய்ந்த பின்பும் அகதிகள் வீடு திரும்பக் கூடாது என்று முடிவெடுத்ததும், கிராமங்களை இடித்துத் தள்ளியதும் இஸ்ரேலிய அரசு. போரின் சூட்டில் நடந்ததற்கும், சூடு தணிந்த பின் அமைச்சரவை உட்கார்ந்து முடிவு செய்வதற்கும் பொறுப்பின் எடை ஒன்றல்ல. அகதிகள் திரும்ப அனுமதிக்கப்பட வேண்டும் என்று 1948 டிசம்பரில் ஐநா தீர்மானித்தது, அது நிறைவேறவில்லை. இன்னொரு பக்கம், அடுத்த சில பத்தாண்டுகளில் அரபு நாடுகளிலிருந்து எட்டு லட்சம் யூதர்கள் வெளியேறினார்கள். அவர்களில் பலர் வெளியேற்றப்பட்டார்கள். ஈராக்கில் மட்டும் 1950–51-இல் சுமார் 1,20,000 பேர் சொத்தையெல்லாம் விட்டுவிட்டுப் புறப்பட்டார்கள். அந்த அரசுகள் அதற்காக இன்றளவும் பொறுப்பேற்கவில்லை. தம்மிடம் வந்து சேர்ந்த பாலஸ்தீன அகதிகளுக்கு ஜோர்டான் குடியுரிமை தந்தது. லெபனான் மூன்று தலைமுறைகளாகியும் தரவில்லை.

இதற்குப் பின் நடந்த ஒவ்வொரு போரையும் இங்கே விவரிக்கப் போவதில்லை. அதற்குப் பதிலாக ஒரே ஊரின் கதையைப் பார்க்கலாம், ஏனென்றால் பொறுப்பு எப்படிக் கைமாறுகிறது என்பதை ஹெப்ரானைவிடத் தெளிவாக வேறெந்த ஊரும் காட்டுவதில்லை. ஆபிரகாமும் அவர் குடும்பத்தினரும் அடக்கமான இடமாக யூதர்களும் முஸ்லிம்களும் போற்றும் ஊர் அது. அங்கே சிறிய யூதச் சமூகம் ஒன்று நெடுங்காலமாக வாழ்ந்துவந்தது. 1929 ஆகஸ்டில், அல் அக்சா மசூதியை யூதர்கள் கைப்பற்றப் போகிறார்கள் என்ற வதந்தி பரவ, அரபுக் கும்பல்கள் யூதர்களின் வீடுகளுக்குள் புகுந்து 67 பேரைக் கொன்றன. இஸ்ரேல் என்ற நாடு பிறக்க இன்னும் பத்தொன்பது ஆண்டுகள் இருந்தன. கொல்லப்பட்டவர்களில் பலர் அரசியலில் நாட்டமில்லாத மத மாணவர்கள். அதே நாளில் அரபுக் குடும்பங்கள் தம் உயிரைப் பணயம் வைத்துப் பல யூத அண்டை வீட்டாரைத் தம் வீடுகளில் ஒளித்துக் காப்பாற்றின. "அரபுகள் கொன்றார்கள்" என்றோ "அரபுகள் காப்பாற்றினார்கள்" என்றோ ஒரு வரியில் முடித்துவிட இங்கே இடமில்லை. கொன்றவர்கள் கொன்றார்கள், காத்தவர்கள் காத்தார்கள்.

1967 ஜூனில் ஆறு நாள் போர் மூண்டது. எகிப்து இஸ்ரேலியக் கப்பல்களுக்குத் தீரான் நீரிணையை மூடிப் படைகளைக் குவித்தது, இஸ்ரேல் முந்திக்கொண்டு தாக்கியது; யார் மீது பழி என்பதில் இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. போரின் முடிவில், ஹெப்ரான் அமைந்துள்ள ஜோர்டான் நதியின் மேற்குக் கரையும் கிழக்கு ஜெருசலேமும் காசாவும் இஸ்ரேலின் கைக்கு வந்தன. ஆக்கிரமித்த நிலத்தில் ஓர் அரசு தன் மக்களைக் குடியேற்றக் கூடாது என்பது நான்காம் ஜெனீவா உடன்படிக்கையின் விதி. அந்த விதி தங்களையும் கட்டுப்படுத்தும் என்று இஸ்ரேலிய வெளியுறவு அமைச்சகத்தின் சட்ட ஆலோசகர் தியோடர் மெரோன் 1967 செப்டம்பரிலேயே தம் அரசுக்கு எழுத்துமூலம் தெரிவித்தார். தெரியாமல் செய்துவிட்டோம் என்று சொல்லும் வழி அன்றே அடைபட்டுவிட்டது.

அடுத்த ஆண்டு யூதர்களின் பாஸ்கா பண்டிகையைக் கொண்டாட வந்திருப்பதாகச் சொல்லி, யூத மதகுரு மோஷே லெவிங்கர் தலைமையில் ஒரு குழு ஹெப்ரானில் ஒரு விடுதியில் அறைகள் எடுத்துத் தங்கியது. பண்டிகை முடிந்தும் போக மறுத்தது. அரசு அவர்களைக் கலைத்து அனுப்பவில்லை. முதலில் ராணுவ வளாகத்தில் இடம் கொடுத்தது, பிறகு நகரை ஒட்டி கிர்யத் அர்பா என்ற குடியேற்றத்தையே கட்டிக் கொடுத்தது. 1994 பிப்ரவரி 25-ஆம் தேதி, ரமலான் மாதத்தில், அந்தக் குடியேற்றத்தில் வசித்த பாரூக் கோல்ட்ஸ்டைன் என்ற மருத்துவர் இப்ராஹீமி மசூதியில் தொழுதுகொண்டிருந்தவர்களைச் சுட்டு 29 பேரைக் கொன்றார். இஸ்ரேலிய அரசு அதைக் கடுமையாகக் கண்டித்தது. ஆனால் அதற்குப் பின் ஊரடங்கு விதிக்கப்பட்டது பாலஸ்தீனர்கள் மீது. அடைக்கப்பட்டது அவர்களது கடைத்தெரு. நகரின் முதன்மை வீதியான ஷுஹதா தெருவில் வீட்டுக் கதவுகள் பற்றவைத்து மூடப்பட்டன. அங்கே வசிப்பவர்களில் சிலர் கூரை வழியாகவும் பின்பக்க ஏணி வழியாகவும் தம் வீட்டுக்குள் போய்வரும் நிலை ஏற்பட்டது. பழைய சந்தையின் மேல் கம்பி வலை கட்டியிருக்கிறார்கள், மேல்மாடிகளில் இருக்கும் குடியேறிகள் வீசும் குப்பையும் கல்லும் கீழே நடப்பவர் தலையில் விழாமலிருக்க. சில நூறு குடியேறிகளின் பாதுகாப்புக்காகப் பல்லாயிரம் பேரின் அன்றாடம் முடக்கப்பட்டிருக்கிறது. அங்கே ஒரு பாலஸ்தீன இளைஞர் கல்லெறிந்தால் ராணுவ நீதிமன்றம்; ஒரு குடியேறி எறிந்தால் இஸ்ரேலின் சிவில் நீதிமன்றம். 1929-இல் ஹெப்ரானில் நடந்த கொடுமைக்குப் பொறுப்பு அரபுக் கும்பலுடையது. இன்று ஹெப்ரானில் நடப்பதற்குப் பொறுப்பு அந்த ஊரை ஆயுதத்தோடு ஆளும் அரசுடையது. முதலாவதை நினைவூட்டி இரண்டாவதை நியாயப்படுத்துவதை நான் ஏற்க மாட்டேன்.

நேரடிப் பொறுப்பு வேறு, மறைமுகப் பொறுப்பு வேறு என்பதையும் தொடக்க நிலை வாசகர் அறிந்துகொள்ள வேண்டும். இதற்கு நல்ல எடுத்துக்காட்டு இஸ்ரேலிலிருந்தே கிடைக்கிறது. 1982 செப்டம்பரில் பெய்ரூட்டைச் சூழ்ந்திருந்த இஸ்ரேலிய ராணுவம், சப்ரா, ஷத்திலா அகதி முகாம்களுக்குள் ஃபலாஞ்சிஸ்ட் எனப்படும் லெபனான் கிறிஸ்தவ ஆயுதக் குழுவினரை அனுமதித்தது. அவர்கள் பெண்கள், குழந்தைகள் உள்ளிட்ட நூற்றுக்கணக்கான பாலஸ்தீனர்களையும் லெபனானியர்களையும் கொன்றார்கள். எண்ணிக்கை ஆயிரங்களில் இருக்கும் என்றும் கணிப்புகள் உண்டு. இஸ்ரேலியர்களே லட்சக்கணக்கில் டெல் அவிவில் திரண்டு விசாரணை கோரினார்கள். உச்ச நீதிமன்றத் தலைவர் யிட்சாக் கஹான் தலைமையிலான ஆணையம் 1983 பிப்ரவரியில் அறிக்கை தந்தது: கொன்றவர்கள் ஃபலாஞ்சிஸ்டுகள், ஆகவே நேரடிப் பொறுப்பு அவர்களுடையது, ஆனால் பழிவாங்கும் வெறியோடிருந்தவர்களை உள்ளே விட்டால் என்ன நடக்கும் என்று உணர்ந்திருக்க வேண்டிய இஸ்ரேலுக்கு மறைமுகப் பொறுப்பும், பாதுகாப்பு அமைச்சர் ஏரியல் ஷரோனுக்குத் தனிப்பட்ட பொறுப்பும் உண்டு. ஷரோன் பாதுகாப்பு அமைச்சர் பதவியை இழந்தார். எதிரி செய்ததை மட்டும் எண்ணிக்கொண்டிராமல், தன் அரசு தடுக்கத் தவறியதையும் ஒரு சமூகம் கேட்டு வாங்கிய அபூர்வமான தருணம் அது. அதே ஷரோன் 2001-இல் பிரதமரானார் என்பதையும் எழுதத்தான் வேண்டியிருக்கிறது.

அமைதிக்குக் கிடைத்த பெரிய வாய்ப்பு 1993-இன் ஓஸ்லோ உடன்படிக்கை. பாலஸ்தீன விடுதலை இயக்கம் இஸ்ரேலை அங்கீகரித்தது. இஸ்ரேல் அந்த இயக்கத்தைப் பாலஸ்தீனர்களின் பிரதிநிதியாக ஏற்றது. அதைக் கவிழ்த்ததில் பலருக்குப் பங்கு உண்டு. ஹமாஸ் பேருந்துகளில் மனித வெடிகுண்டுகளை அனுப்பி இஸ்ரேலியர்களின் நம்பிக்கையைத் தகர்த்தது. 1995 நவம்பர் 4-ஆம் தேதி ராபினைச் சுட்டுக் கொன்றவர் ஒரு யூதத் தீவிரவாதி. பேச்சுவார்த்தை நடந்த ஆண்டுகளிலேயே குடியேற்றங்கள் பெருகின. 1993-இல் மேற்குக் கரையில் சுமார் ஒரு லட்சமாக இருந்த குடியேறிகள் இன்று ஐந்து லட்சம், கிழக்கு ஜெருசலேமில் இன்னும் இரண்டு லட்சத்துக்கு மேல். ஒரு பக்கம் நிலத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே மறுபக்கம் அதே நிலத்தில் வீடு கட்டிக்கொண்டிருந்தால் எதிரில் இருப்பவர் எதை நம்புவார்? 2000-இல் அமெரிக்காவின் கேம்ப் டேவிட்டில் நடந்த பேச்சுவார்த்தை முறிந்ததற்கு அராஃபத்தைக் குற்றம் சொல்பவர்களும், தரப்பட்டது முழுமையான நாடே அல்ல என்பவர்களும் உண்டு. தொடர்ந்து வெடித்த இரண்டாம் இன்டிஃபாடா என்ற பாலஸ்தீன எழுச்சியில் சுமார் ஆயிரம் இஸ்ரேலியர்களும் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பாலஸ்தீனர்களும் இறந்தார்கள்.

2005-இல் இஸ்ரேல் காசாவிலிருந்து தன் குடியேறிகளையும் படையையும் விலக்கிக்கொண்டது. 2006 தேர்தலில் வென்ற ஹமாஸ், 2007-இல் எதிரணியான ஃபத்தாவை ஆயுத பலத்தால் காசாவிலிருந்து விரட்டியது. அதன் பின் இஸ்ரேலும் எகிப்தும் காசாவை முற்றுகையிட்டன. ஹமாஸ் ராக்கெட்டுகளை இஸ்ரேலிய ஊர்கள் மீது ஏவியது, சுரங்கங்கள் தோண்டியது, எதிர்த்துப் பேசிய காசா மக்களைச் சிறையிலிட்டது. மேற்குக் கரையில் 2005-இல் நான்காண்டுப் பதவிக்காலத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட பாலஸ்தீன அதிபர் மஹ்மூத் அப்பாஸ் மறு தேர்தலின்றி ஆட்சியைத் தொடர்கிறார். பாலஸ்தீனர்கள் பிளவுபட்டிருப்பது இஸ்ரேலில் பிரதமர் நெதன்யாகு தலைமையிலான அரசுகளுக்கும் வசதியாகவே இருந்தது. 2018 முதல் கத்தார் தந்த பணம் அந்த அரசின் ஒப்புதலோடுதான் காசாவுக்குள் போனது.

2023 அக்டோபர் 7-ஆம் தேதி ஹமாஸும் அதன் கூட்டாளிகளும் இஸ்ரேலுக்குள் புகுந்து சுமார் 1,200 பேரைக் கொன்று 251 பேரைப் பிணைக்கைதிகளாகப் பிடித்துச் சென்றார்கள். இறந்தவர்களில் பெரும்பாலோர் பொதுமக்கள்: இசை விழாவுக்கு வந்த இளைஞர்கள், பேரி, க்ஃபார் அசா என்ற கிப்புட்சுகளில் (கூட்டுக் குடியிருப்புகளில்) வீட்டுப் பாதுகாப்பு அறைகளில் ஒளிந்திருந்த குடும்பங்கள், காசா நோயாளிகளைத் தம் காரில் இஸ்ரேலிய மருத்துவமனைகளுக்கு அழைத்துச் சென்றுவந்த தன்னார்வலர்கள். ஆக்கிரமிப்பும் முற்றுகையும் இந்தத் தாக்குதலின் பின்னணியை விளக்குகின்றன. ஆனால் விளக்கம் ஒருபோதும் நியாயமாகிவிடாது. ஒரு குழந்தையைச் சுடத் துப்பாக்கியை உயர்த்தியவனுக்கு அந்தக் கணத்தில் சுடாதிருக்கும் வழி இருந்தது. அவன் செயலுக்கு அவனும் அவனை அனுப்பிய தலைமையுமே பொறுப்பு.

இதே அளவுகோல் மறுபக்கத்துக்கும் பொருந்தும். தாக்குதலுக்கு இரண்டு நாள் கழித்து, காசாவுக்கு மின்சாரம், உணவு, எரிபொருள் எதுவும் போகாது என்று பாதுகாப்பு அமைச்சர் யோவாவ் கல்லன்ட் அறிவித்தார். அதன் பின் ஈராண்டுகளில் காசா சுகாதார அமைச்சகத்தின் கணக்குப்படி 67,000-க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். அவர்களில் பல்லாயிரம் பேர் குழந்தைகள். இருபது லட்சத்துக்கும் மேலான மக்களில் ஏறக்குறைய அனைவருமே ஒருமுறையாவது இடம்பெயர்ந்தார்கள். 2025 ஆகஸ்டில் காசா நகரப் பகுதியில் பஞ்சம் நிலவுவதாக ஐநா ஆதரவுடன் இயங்கும் வல்லுநர் அமைப்பு உறுதிப்படுத்தியது. ஹமாஸ் பொதுமக்களுக்கிடையில் ஒளிந்து போரிடுகிறது என்ற இஸ்ரேலின் வாதம் உண்மையே, அதுவும் ஒரு குற்றமே. ஆயினும் போர்ச் சட்டம் இதை முன்கூட்டியே எதிர்பார்த்திருக்கிறது: எதிரி விதியை மீறினாலும், தாக்குபவர் பொதுமக்களைப் பிரித்தறிய வேண்டும், அடையப்போகும் ராணுவப் பயனுக்கு மிஞ்சிய பொதுமக்கள் சேதம் வரும் தாக்குதலைக் கைவிட வேண்டும், பட்டினியை ஆயுதமாக்கக் கூடாது. "அவன் செய்தான், அதனால் நானும் செய்தேன்" என்பதற்கு அந்தச் சட்டத்தில் இடமே இல்லை.

வெளியிலிருப்பவர்களும் தப்ப முடியாது. 2016-இல் செய்துகொண்ட ஒப்பந்தப்படி அமெரிக்கா ஆண்டுக்கு 380 கோடி டாலர் ராணுவ உதவி தருகிறது. ஆயுதம் கொடுப்பவருக்கு அது எப்படிப் பயன்படுகிறது என்று கேட்கும் கடமையும் உண்டு. ஈரான் ஹமாஸுக்குப் பணமும் பயிற்சியும் தந்து, தன் போட்டி அரசியலுக்குப் பாலஸ்தீன உயிர்களைச் செலவிட்டது.

ஆனால் எந்த நாட்டிலும் வாழும் சாதாரண யூதர் இஸ்ரேலிய அரசின் செயலுக்குப் பொறுப்பாளி அல்ல. சாதாரண பாலஸ்தீனரோ முஸ்லிமோ ஹமாஸின் செயலுக்குப் பொறுப்பாளி அல்ல. பிணைக்கைதிகளின் குடும்பங்கள் தம் அரசுக்கு எதிராகவே வாரந்தோறும் டெல் அவிவ் வீதிகளில் நின்றன. 2025 மார்ச்சில் காசாவின் பெய்த் லாஹியாவில், இடிபாடுகளுக்கு நடுவே, ஹமாஸ் வெளியேற வேண்டும் என்று முழங்கியவர்கள் பாலஸ்தீனர்களே. "அவர்கள் எல்லோரும் அப்படித்தான்" என்ற சொற்றொடர் எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும், அடுத்த கொலைக்கு அது முன்கூட்டியே தரும் மன்னிப்பு.

என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு குற்றமும் அதைச் செய்தவர் கணக்கில்தான் எழுதப்பட வேண்டும். அந்தக் கணக்கில் ஹமாஸும் இருக்கிறது, இஸ்ரேலிய அரசும் இருக்கிறது. ஆனால் மோதல் முடியாமல் நீடிப்பதற்கான பொறுப்பை அளக்கும்போது, நிலத்தையும் எல்லைகளையும் நீரையும் வான்வெளியையும் தன் கட்டுப்பாட்டில் வைத்திருப்பவருக்கே பெரும் பங்கு. இதை மறுப்பவர்கள், இஸ்ரேல் கொடுக்க முன்வந்த போதெல்லாம் அதற்கு வன்முறையே பதிலாக வந்தது என்கிறார்கள். அந்த அச்சம் போலியானதல்ல. எனினும் குடியேற்றங்களைப் பெருக்குவது எந்த இஸ்ரேலியரின் உயிரையும் காப்பதில்லை. 2024 ஜூலையில் சர்வதேச நீதிமன்றம், 1967-இல் பிடித்த நிலத்தில் இஸ்ரேல் தொடர்ந்து இருப்பது சட்டவிரோதம் என்று ஆலோசனைக் கருத்து வழங்கியது.

தென்னாப்பிரிக்கா தொடுத்த இனப்படுகொலை வழக்கு அதே நீதிமன்றத்தில் நடக்கிறது. ஐநா மனித உரிமை மன்றம் அமைத்த விசாரணை ஆணையம் 2025 செப்டம்பரில் இனப்படுகொலை நடந்திருப்பதாக முடிவுக்கு வந்தது, இஸ்ரேல் அதை முற்றாக மறுக்கிறது. 2024 நவம்பரில் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் நெதன்யாகு, கல்லன்ட், ஹமாஸ் தளபதி முகம்மது தெயிஃப் ஆகிய மூவருக்கும் ஒரே நாளில் கைது ஆணை பிறப்பித்தது. தெயிஃப் முன்பே கொல்லப்பட்டிருந்தார் என்பதைப் பின்னர் ஹமாஸே அறிவித்தது. மற்ற இருவரும் இதுவரை அந்த நீதிமன்றத்தின் முன் நிற்கவில்லை.